உங்களுக்கு என்ன பிடிக்கும்?

வீட்டில் யாருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால், நாம் யோசிக்காமலே சொல்லிவிடுவோம். அவருக்கு வற்றல் குழம்பு, மாமியாருக்குச் சர்க்கரை இல்லாத காபி, பெரியவனுக்கு முறுகலாகத் தோசை. சரி, உங்களுக்கு? இந்த இடத்தில்தான் பலரும் சிரித்து மழுப்புவோம். "எனக்கென்ன, மிஞ்சினதைச் சாப்பிட்டுக்குவேன்!"

இரண்டாவது குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது எனக்கு அந்தச் சிரிப்புகூட வரவில்லை. ஜவுளிக்கடையில் கணவர் "எந்தக் கலர் வேணும்?" என்று கேட்டால், "ஏதோ ஒண்ணு எடுங்க" என்பேன். அழுகையும் வராது. கைகள் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும்.

அறிவுரைக்குப் பஞ்சமில்லை. "கோயிலுக்குப் போ", "நல்லாத் தூங்கு", "நாங்கள்லாம் நாலு பெத்து வளர்க்கலையா?" எல்லாம் அக்கறையில் சொன்னவைதான். ஆனால் எல்லோரும் சொன்னார்களே தவிர, யாரும் கேட்கவில்லை.

தோழி ஒருத்தியின் யோசனைப்படி மனநல ஆலோசகர் ஒருவரிடம் போனேன். வாரம் ஒரு தடவையாக ஆறு வாரம்.

யாருக்காக?

அந்த அம்மாள் ஒரு புத்திமதிகூடச் சொல்லவில்லை. "காலையில எழுந்ததிலேர்ந்து படுக்கிற வரைக்கும் செய்யறதை மணிவாரியா எழுதிட்டு வாங்க. பக்கத்துல, அது யாருக்காகன்னும் எழுதுங்க" என்றார். எழுதினேன். 17 மணி நேரத்தில் 'எனக்காக' என்று இருந்தது குளியல் மட்டும்தான். அதுவும் கதவைத் தட்டும் சத்தத்தோடு!

அடுத்த வாரம் கேட்டார்: "எதைச் செய்யும்போது உங்களுக்கு நேரம் போறதே தெரியாம இருந்தது?" வெகுநேரம் பேசாமல் இருந்தேன். அவரும் பேசவில்லை. அவசரப்படுத்தாமல் காத்திருந்தாரே, அதுதான் பெரிய உபகாரம். கடைசியில் "கணக்கு" என்று என் வாயிலிருந்தே வந்தது. கல்யாணத்துக்கு முன் தெருப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அப்புறம் பால் கணக்கு, மளிகைக் கணக்கோடு சரி.

"எந்தக் கிழமை செய்யலாம்? எத்தனை மணிக்கு? அப்போ குழந்தையை யார் பார்த்துப்பாங்க?" என்று அவர் கேட்கக் கேட்க, என் ஆசை ஓர் ஏற்பாடாக மாறியது. செவ்வாய், வெள்ளி சாயங்காலம் அரை மணி நேரம். அடுத்த வீட்டுச் சிறுமிகள் இரண்டு பேர். மாமியாரிடம் எப்படிக் கேட்பது என்பதையும் அங்கேயே பேசிப் பார்த்துக்கொண்டேன்.

"ஏன், இப்போ பணமா வேணும் உனக்கு?" என்றார் மாமியார்.

"பணத்துக்கு இல்லே அத்தை. எனக்குப் பிடிச்சிருக்கு."

என்னைச் சற்று நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

முதல் வாரம் குழந்தைக்குக் காய்ச்சல்; பாடம் நடக்கவில்லை. "ஏன் செய்யலை?" என்று ஆலோசகர் கேட்கவில்லை. "எது குறுக்கே வந்தது? இன்னொரு தடவை வந்தா என்ன பண்ணலாம்?" என்றுதான் கேட்டார். இரண்டு கேள்விக்கும் எவ்வளவு வித்தியாசம், பாருங்கள்!

வீட்டு வேலை இன்றும் குறையவில்லை. ஆனால் பின்னக் கணக்கு பிடிபட்டு ஒரு சிறுமியின் முகம் மலரும்போது, 'இதுதான் நான்' என்று தெரிகிறது. ஜவுளிக்கடையிலும் இப்போது "மாம்பழ மஞ்சள்" என்று சொல்கிறேன்.

வெறும் பேச்சுத்தானே?

"பேசினா எல்லாம் சரியாயிடுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பாகிஸ்தானில் ராவல்பிண்டி அருகேயுள்ள கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு, 2008-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. மனச்சோர்வில் இருந்த 903 கர்ப்பிணிகள் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் வீட்டுக்குச் சென்ற சுகாதாரப் பணிப்பெண்கள், காது கொடுத்துக் கேட்கவும், யோசிக்க வைக்கும்படி பேசவும், சின்னச் சின்ன வேலையாகச் செய்ய வைக்கவும் பயிற்சி பெற்றவர்கள். மற்றவர்கள் வீட்டுக்கு, அந்தப் பயிற்சி இல்லாத பணிப்பெண்கள் போனார்கள். குழந்தைக்கு 6 மாதம் ஆனபோது, பயிற்சி பெற்றவர்கள் போய் வந்த தாய்மாரில் 100-க்கு 23 பேருக்கும், மற்றவர்களில் 53 பேருக்கும் மனச்சோர்வு இருந்தது. அந்தப் பணிப்பெண்கள் டாக்டர்கள் அல்ல. பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள்தான்!

கவனிக்க வேண்டியவை

இப்போது யார் வேண்டுமானாலும் 'வாழ்க்கைப் பயிற்சியாளர்' என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். ஆகவே என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார் என்று தயங்காமல் கேளுங்கள். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்துக்கொள்கிறவரா என்று பாருங்கள். மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டச் சொன்னாலோ, உங்கள் முடிவை அவரே எடுத்தாலோ, எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாச் சோர்வும் பேச்சில் தீர்ந்துவிடாது. இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனம் கனத்திருந்தால், குழந்தை தூங்கும்போதுகூட உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், டாக்டரைப் பார்ப்பதே சரி. உயிரை விடலாம் என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், தனியாகவும் இருக்காதீர்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

ஆலோசகரிடம் போக வசதி இல்லையா? ஒரு நோட்டை எடுத்து, நாளைய பொழுதை மணிவாரியாக எழுதிப் பாருங்கள். உங்கள் வீட்டில் பிள்ளை பெற்ற மகளோ மருமகளோ இருந்தால், ஒரு நாளாவது புத்திமதியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, "உனக்கு என்ன பிடிக்கும், சொல்லு" என்று கேளுங்கள். பதில் உடனே வராது. பரவாயில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்!