இயக்கம் நிற்றலைக் குறிக்கும் வினைகள்: ஓர் ஆங்கில மரபுத்தொடரும் தோல் தொழில் வட்டாரச் சூழலும்

'கிரைண்ட் டு எ ஹால்ட்' என்னும் ஆங்கில மரபுத்தொடர், உராய்ந்து விசை குறைந்து இறுதியில் நின்றுவிடும் எந்திரத்தின் படிமத்தைக் கொண்டது. படிப்படியாக நிற்றல், தடை ஆகிய இரண்டும் அதன் பொருட்கூறுகள். நிறுத்தியவர் யார் என்பதை அது கூறுவதில்லை.

தமிழில் இதற்கு நிகராக வழங்கும் 'ஸ்தம்பித்தது', தூணைக் குறிக்கும் வடசொல்லின் அடியாகப் பிறந்தது. அது திடீர் அசைவின்மையைச் சுட்டுவதால் படிப்படியாக நிற்றல் என்னும் பொருள் மறைகிறது. 'ஓய்ந்தது' மெல்ல அடங்குதலைக் காட்டும், தடையைக் காட்டாது. 'முடங்கியது' தடையை உணர்த்தும்.

வேலூர்–ஆம்பூர் தோல் தொழில் வட்டாரம் இவ்வேறுபாட்டின் பயனைத் தெளிவாக்குகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பர் 30க்குள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதி அமைத்து, டிசம்பர் 15க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெறாத தோல் பதனிடும் ஆலைகளை மூடுமாறு அது ஆணையிட்டது. அவ்வாறு மூடப்படும் ஆலையில் தோல் சுழலும் டிரம் 'நின்றது' எனல் முழுமையாகாது. 'நிறுத்தப்பட்டது' என்பதே பொருந்தும். 2020 மார்ச் 25இல் தொடங்கிய ஊரடங்கிலோ தொழில் 'முடங்கியது'. அதனை 'முடக்கியது' நோய்த்தொற்றுக்கால ஆணை.

நில்–நிறுத்து, முடங்கு–முடக்கு என்னும் தன்வினை–பிறவினை இணைகள் வினைமுதலை வெளிப்படுத்த வல்லவை. இரு நிகழ்வுகளையும் 'தொழில் ஸ்தம்பித்தது' என ஒரே சொல்லால் குறித்தால், பாலாற்று மாசுக்கான பொறுப்பும் தொழிலாளர் கூலி இழப்பின் காரணமும் ஒருங்கே மறையும். ஆகவே, இத்தொடரை மொழிபெயர்ப்போர் நின்றதன் காரணத்தை முதலில் தெளிந்து, பின்னரே வினையைத் தேர்தல் வேண்டும்.