நாய் வளர்க்க மாதம் எவ்வளவு ஆகும்?

குட்டி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது விலை. லாப்ரடார் என்றால் பத்துப் பதினைந்தாயிரம், ஹஸ்கி என்றால் அதற்கும் மேலே, தெருவில் பிறந்த நாட்டுக் குட்டி என்றால் ஓசி. எதுவானாலும் அந்தப் பணத்தை ஒருமுறைதான் கொடுக்கிறோம். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வரப்போகும் பில்களைத் தீர்மானிப்பது வேறோர் எண். வளர்ந்து முடிந்ததும் அந்த நாய் எத்தனை கிலோ இருக்கும்? சாப்பாடு, பூச்சி மருந்து, உண்ணி மாத்திரை, அறுவை சிகிச்சைக்கு முன் போடும் மயக்க மருந்து, ஊருக்குப் போகும்போது விட்டுச்செல்லும் போர்டிங் என்று பெரும்பாலான செலவுகள் எடையைப் பார்த்துத்தான் ஏறுகின்றன. விற்பவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

எனவே இங்கே இரண்டு நாய்களை வைத்துக் கணக்குப் போடுவோம். ஒன்று 16 கிலோ நாட்டு நாய். மற்றொன்று 30 கிலோ லாப்ரடார். ஊர் சென்னை. விலைகள் தோராயமானவை, உங்கள் ஊர்க் கடையில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை எங்கும் ஒன்றுதான்.

சாப்பாட்டில் தொடங்கலாம். கருத்தடை செய்த, ஓரளவு ஓடியாடுகிற வளர்ந்த நாய்க்குக் கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் சூத்திரப்படி, 16 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 900 கலோரி தேவை. 30 கிலோ நாய்க்குச் சுமார் 1,430. எடை இரண்டு மடங்கானால் சாப்பாடும் இரண்டு மடங்காகிவிடாது, 1.7 மடங்குதான் ஆகும். பெரிய நாய் வைத்திருப்பவருக்கு இதில் மட்டும் கொஞ்சம் தள்ளுபடி. கடையில் கிடைக்கும் உலர் உணவில் கிலோவுக்கு ஏறக்குறைய 3,500 கலோரி என்று வைத்தால், நாட்டு நாய்க்கு மாதம் எட்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும் லாப்ரடாருக்குப் பன்னிரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமாகவும் வேண்டும். கிலோ 250 ரூபாய்ச் சரக்கு என்றால் முன்னதற்கு 2,000, பின்னதற்கு 3,100. கிலோ 800 ரூபாய்க்கு விற்கும் உயர்ரகப் பாக்கெட் என்றால் லாப்ரடாருக்கு மட்டும் மாதம் பத்தாயிரத்தை நெருங்கிவிடும்.

"அதெல்லாம் எதுக்கு, வீட்டுச் சாப்பாடு போட்டா மிச்சம்" என்பார்கள். போட்டுப் பார்ப்போம். அந்த லாப்ரடாருக்கு ஒரு நாளைக்கு 175 கிராம் அரிசி, எலும்பு நீக்கிய கோழிக்கறி 300 கிராம், இரண்டு முட்டை, ஒரு கரண்டித் தயிர், கொஞ்சம் கேரட்டோ பூசணியோ, ஒரு தேக்கரண்டி எண்ணெய். கறியை எலும்போடு வாங்கினால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்க வேண்டும். மாதத்துக்குக் கறி மட்டும் மூவாயிரம் ரூபாய். முட்டையும் தயிரும் சேர்ந்தால் மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டும். அரிசி ரேஷன் அரிசியாகவே இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. மலிவுப் பாக்கெட்டைவிட வீட்டுச் சாப்பாடு மலிவில்லை. உயர்ரகப் பாக்கெட்டைவிட மிகவும் மலிவு. இதில் கால்சியம் குறையும் என்பதால் மருத்துவரிடம் கேட்டு அதையும் சேர்க்க வேண்டும். வேகவைத்த எலும்பு, வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடாது. எங்கள் காலத்தில் தயிர் சாதம் போட்டே வளர்த்தோம் என்று சொல்லும் தாத்தாக்களிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம்: அந்த நாய் நாள் முழுக்கத் தெருவில் சுற்றியதே, அங்கே என்னென்ன தின்றது என்று யாராவது பார்த்தார்களா? இன்றைய அடுக்குமாடி நாய்க்கு நாம் வைக்கும் தட்டைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது.

அடுத்தது உண்ணி. தமிழ்நாட்டில் நாய் வளர்ப்பவருடைய பட்ஜெட்டில் இதற்குத் தனி வரி வேண்டும். குளிர்தேசங்களில் பனிக்காலம் வந்தால் உண்ணித் தொல்லை அடங்கும். நமக்கு அந்த விடுமுறை இல்லை, ஆண்டு முழுக்க உண்டு. நம் ஊர்ப் பழுப்பு உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் உடம்பில் கழிப்பதில்லை. ரத்தம் குடித்து உப்பியதும் இறங்கிவிடும். சுவர் வெடிப்பு, கதவு நிலையின் இடுக்கு, சோபாவின் அடிப்பக்கம் என்று ஒளிந்து, பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு வீட்டைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த மாதமும் அதே கதைதான். கழுத்துக்குப் பின்னால் ஊற்றும் சொட்டு மருந்து சில நூறு ரூபாயில் கிடைக்கும். மாதம் ஒரு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு மாத்திரை என்றும் இருக்கின்றன. மூன்று மாத மாத்திரை ஒன்றே இரண்டாயிரம் ரூபாயைத் தொடலாம் என்பதால் பலர் அதைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். ஆனால் மாதத்துக்கு வகுத்தால் 700 ரூபாய்க்குள் அடங்குகிறது. எல்லாமே எடை வாரியாகத் தனித்தனி அட்டையில் வரும். 30 கிலோ நாய்க்குரிய மாத்திரையைப் பாதியாக உடைத்து 16 கிலோ நாய்க்குக் கொடுக்கும் சிக்கனத்தை மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

இந்த 700 ரூபாயை மிச்சம் பிடித்தால் என்ன ஆகும்? உண்ணிக் காய்ச்சல். நாய் சாப்பிடாது, சுருண்டு படுக்கும், ஈறு வெளுக்கும், சில நேரம் மூக்கில் ரத்தம் வரும். எர்லிக்கியா என்ற கிருமி என்றால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நான்கு வாரம் விடாமல் கொடுப்பார்கள். அந்த மாத்திரை மலிவுதான். செலவெல்லாம் திரும்பத் திரும்ப எடுக்கும் ரத்தப் பரிசோதனையிலும், தினமும் ஏற்றும் டிரிப்ஸிலும், முற்றிப்போன நிலையில் ரத்தமே ஏற்ற வேண்டி வரும்போதும்தான். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விலங்குகளுக்கென்றே ரத்த வங்கி இருக்கிறது. தனியார் கிளினிக்கில் பத்துப் பதினைந்தாயிரம் கரைவதற்கு ஒரு வாரம் போதும்.

முதல் ஆண்டுச் செலவை மாதக் கணக்கில் சேர்க்காமல் தனியாக எடுத்து வையுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் கூட்டுத் தடுப்பூசி ஆரம்பம். பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில், குட்டிக்கு நான்கு மாதம் ஆகும்வரை மறு ஊசிகள். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. மருத்துவர் கட்டணமும் சேர்த்துத் தனியாரிடம் மூவாயிரம், நாலாயிரம் ஆகும். அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் மிகக் குறைவு. செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாளையொட்டிப் பல இடங்களில் இலவச முகாமும் நடக்கும். கருத்தடைக்குத் தனியாரிடம் ஆறாயிரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டாயிரம் வரை கேட்பார்கள். பெண் நாய்க்கு இது வீண் செலவு என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வயது ஏறும்போது கருப்பையில் சீழ் பிடிப்பது அடிக்கடி நடப்பது. அப்போது அதே உறுப்பை அவசரமாக, நோய்பட்ட உடம்பிலிருந்து, இரண்டு மூன்று மடங்கு செலவில் எடுக்க வேண்டியிருக்கும்.

வாங்கும் இடத்திலேயே முதல் ஆண்டுச் செலவு கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஆனாலும் முப்பத்தைந்து நாள் குட்டிகள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. தாய்ப்பாலை முன்கூட்டியே மறந்த, ஊசி போடாத குட்டிக்குப் பார்வோ வந்தால் வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக நாலைந்து நாள் டிரிப்ஸிலேயே கிடக்கும். பேரம் பேசிக் குறைத்த இரண்டாயிரம் அங்கே பல மடங்காகப் போகும். தத்தெடுக்கும் நாட்டுக் குட்டிக்கு விலை இல்லை. புளூ கிராஸ் போன்ற அமைப்புகளில் வாங்கினால் சில ஊசிகளும் ஏற்கெனவே போட்டிருப்பார்கள்.

ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு பற்றி ஒரு வார்த்தை. பனியில் வாழ வளர்ந்த அடர்ரோமத்தைச் சென்னை மேயில் வைத்திருப்பது என்றால் நாய்க்கென்று ஒரு ஏசி ஓட வேண்டும். நம் மின்கட்டணத்தில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுக்கும் கூடுதல் விலை. இந்த ஒன்றுக்காகவே அந்த இனங்களை வேண்டாம் என்பேன். பணம் இருப்பவருக்கும் இதே பதில்தான்.

உரிமம் சின்னச் செலவு. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் அது கட்டாயம். ஆண்டுக் கட்டணம் 50 ரூபாய், எடுக்காவிட்டால் அபராதம் 5,000. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் மைக்ரோசிப்பும் வேண்டும்.

யாரும் எழுதி வைக்காத செலவு பொங்கல், தீபாவளி, மே விடுமுறை. ரயிலில் நாயை உடன் வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பு ஏசியில் கூபே முழுவதையும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டுதான். அதனால் பலர் காரை எடுக்கிறார்கள், அல்லது போர்டிங்கில் விடுகிறார்கள். இரவொன்றுக்கு 500 முதல் 1,000 ரூபாய். பெரிய நாய்க்குக் கூடுதல். பண்டிகை வாரத்தில் இன்னும் கூடுதல். தடுப்பூசி அட்டை இல்லாவிட்டால் நல்ல இடங்களில் சேர்க்கவே மாட்டார்கள். ஆண்டுக்குப் பத்து நாள் ஊருக்குப் போகிற குடும்பம் இதற்கென்று எட்டாயிரம் ஒதுக்குவது நியாயமான கணக்கு. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார் என்றால் அதிர்ஷ்டம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. நாய் என்றதும் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிச் சொல்வார், காலி செய்யும்போது கீறிய கதவுக்கும் பெயின்டுக்கும் அட்வான்ஸில் பிடிப்பார்.

மொத்தமாகப் பார்த்தால், சாதாரண உலர் உணவோடு, ஆண்டு ஊசி, பூச்சி மருந்து, ஷாம்பு, கயிறு போன்றவற்றைப் பன்னிரண்டால் வகுத்துச் சேர்த்து, நாட்டு நாய்க்கு மாதம் மூவாயிரத்தைச் சுற்றியும் லாப்ரடாருக்கு நாலாயிரத்து ஐந்நூறிலிருந்து ஐயாயிரம் வரையும் வரும். போர்டிங்கும் அவசர வைத்தியமும் இதில் இல்லை.

அவசர வைத்தியத்துக்கு வழி என்ன? நாய்க்கும் காப்பீடு இருக்கிறது. பொதுத்துறையின் நியூ இந்தியா அஷ்யூரன்ஸும் சில தனியார் நிறுவனங்களும் தருகின்றன. ஆனால் வயதான நாயைப் புதிதாகச் சேர்ப்பது கடினம், வழக்கமான தடுப்பூசிச் செலவு கிடைக்காது, ஊசி தவறவிட்ட நோய்க்குக் கேட்டாலும் கை விரிப்பார்கள். பாலிசியில் எதற்குக் கிடைக்காது என்று எழுதியிருக்கும் பக்கத்தை முதலில் படித்துவிட்டு முடிவெடுங்கள். பெரும்பாலான குடும்பங்களுக்குத் தனிச் சேமிப்பே போதும் என்பது என் எண்ணம்.

முதலில் 15,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கில், இரவு இரண்டு மணிக்கும் எடுக்கிற மாதிரி வையுங்கள். அது சேர்ந்த பிறகு மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஓர் ஆர்.டி. தொடங்கலாம். முதலிலேயே அஞ்சலக ஆர்.டி.யில் போட்டுவிட்டால், நாய் வலியில் முனகும் நேரத்தில் அந்தப் பணம் கைக்கு வராது. இடையில் முடித்துக்கொள்ள மூன்று ஆண்டாவது ஆக வேண்டும். ஐந்து ஆண்டில் அசலே அறுபதாயிரம் சேரும். அப்போது நாய்க்கு ஆறு வயது இருக்கும். லாப்ரடார் என்றால் இடுப்பு மூட்டு வலியும் பருமனும் எட்டிப் பார்க்கிற வயது. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, வலி மாத்திரை என்று தொடங்கும் நேரம். மாத்திரையின் அளவு அங்கேயும் கிலோ கணக்கில்தான். எனவே சேமிப்பைக் காக்க நினைப்பவர் மாதம் ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடைக்கருவியில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்க்கலாம். தூக்க முடியாத அளவுக்குப் பெரிய நாய் என்றால் கிளினிக்கில் எடைமேடை இருக்கும்.