ஆவணியில் தெரியும் ஆட்டின் தரம்

வடமாகாணக் கரையோரச் சிலாவத்துறையில் செம்மறி வளர்க்க நினைப்பவர் மார்கழியில் நிலத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது. மாரி மழையில் சுற்றியுள்ள முசலிப் பகுதி எங்கும் புல்தான். எந்த ஆட்டைக் கொண்டுவந்து விட்டாலும் கொழுக்கும். பார்க்க வேண்டிய மாதம் ஆவணி. சோளகம் வீசி வீசி மண் வறண்டிருக்கும். வயல் தாளை மாடுகள் மேய்ந்து முடித்திருக்கும். உடைமரமும் வேம்பும் மட்டும் பச்சை காட்டும்.

அந்த வெயிலில் கம்பளி ஒரு சுமை. ஆஸ்திரேலியப் படங்களில் வரும் பஞ்சுமூட்டை ஆடுகளைப் பார்த்து, செம்மறி என்றாலே கம்பளி என்று நினைக்கிறோம். உண்மையில் கம்பளிதான் பின்னால் வந்தது. சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் மனிதர் பழக்கிய காட்டுச் செம்மறிக்கு மான் போலக் குட்டை மயிர்தான் இருந்தது. பிறகு ஏதோ ஒரு காலத்தில், ஒரு மரபணுவின் பிரதி இன்னொரு மரபணுவின் வால்பகுதியில் போய் ஒட்டிக்கொண்டது. கம்பளி ஆடுகளை மயிர் ஆடுகளிலிருந்து பிரிக்கும் முக்கிய மாற்றம் இதுதான் என்று 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் கடற்கரைக்கு அந்த மாற்றம் தேவைப்படவில்லை. மயிர் ஆட்டுக்குக் கத்தரிப்புச் செலவில்லை. நனைந்தாலும் சீக்கிரம் காயும். ஈ மொய்த்துப் புழு வைக்கும் தொல்லையும் குறைவு.

வடக்கின் வறண்ட நிலத்துக்கு ஏற்கெனவே ஓர் இனம் உண்டு: யாழ்ப்பாணச் செம்மறி. வளர்ந்த மறி ஏறக்குறைய 20 முதல் 25 கிலோ. பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டி. பார்வைக்கு எடுப்பான ஆடு அல்ல. இதன் உறவுக்காரர்கள் கடலுக்கு அக்கரையில் இருக்கிறார்கள். இராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், கீழக்கரிசல், மேச்சேரி, சென்னைச் சிவப்பு எல்லாமே இறைச்சிக்காக வளர்க்கப்படும் மயிர் ஆடுகள்தான். உயிர் விலங்கைக் கடல் தாண்டிக் கொண்டுவர அரசு அனுமதியும் நோய்த்தடுப்புக் காவலும் வேண்டும் என்பதால், சிறு பண்ணைக்காரருக்கு அந்த வழி எட்டாது. எட்டாததில் பெரிய நட்டம் இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

ஆசை காட்டுவது வேறு ஆடு: டோர்ப்பர். 1930களில் தென்னாபிரிக்காவில் டோர்செட் ஹோர்ன் இனத்தையும் கருந்தலைப் பாரசீக இனத்தையும் கலந்து உருவாக்கியது. வறட்சிக்கு என்றே உருவாக்கிய இனம் என்பது சரிதான். ஆனால் கரூ வறள்நிலத்தின் காற்று உலர்ந்தது, இரவு குளிரும். சிலாவத்துறையில் இரவிலும் கடலின் ஈரக்காற்று புழுங்கும். தீனிக் கணக்கு அதைவிட முக்கியம். ஆடு ஒரு நாளில் தன் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு உலர்தீனி தின்னும். 25 கிலோ மறிக்கு முக்கால் கிலோ போதும்; 70 கிலோ டோர்ப்பருக்கு இரண்டு கிலோ வேண்டும். ஆவணியில் அந்த இரண்டு கிலோ எங்கிருந்து வரும்? பெரிய ஆடு பட்டினி கிடந்தால் சினை பிடிக்காது, பாலும் வற்றும். சின்ன ஆடு வேப்பங்குழை, பூவரசங்குழை, கிளிசரிடியா என்று ஒப்பேற்றிவிடும்.

மழை வந்ததும் வேறு பகை கிளம்பும். வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் ஹீமோங்கஸ் புழு ஒன்று நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஈரப்புல்லில் அதன் இளம்புழு ஏறிக் காத்திருக்கும். கரீபியன் தீவுகளின் செயின்ட் குரோய் மயிர் ஆடு இந்தப் புழுவைத் தன் உடலின் எதிர்ப்புச் சக்தியாலேயே அடக்குவது நன்கு ஆராயப்பட்டது. டோர்ப்பருக்கு அந்த வலு குறைவு. நம் மந்தையில் வலுவுள்ளது எது என்று கண்டுபிடிக்க ஆய்வுகூடம் வேண்டாம். கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறம் பார்க்க வேண்டும். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறியிருந்தால் இரத்தச் சோகை. தென்னாபிரிக்காவில் இதற்கு ஃபமாச்சா என்ற வண்ண அட்டையே செய்தார்கள். வெளிறியதற்கு மட்டும் புழு மருந்து கொடுத்தால் போதும்; எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் ஊற்றினால் மருந்துக்கு அசையாத புழுதான் மிஞ்சும். அடிக்கடி மருந்து கேட்கும் மறியின் குட்டியைக் கிடாயாக வைத்திருக்கக் கூடாது.

கரையோரக் கிணறுகளின் உப்பு அவ்வளவு கவலைக்குரியதல்ல. லீற்றருக்கு ஐந்து கிராம் உப்புவரை வளர்ந்த செம்மறி பொதுவாகத் தாங்கும். பாலூட்டும் மறிக்கும் குட்டிக்கும் மட்டும் நல்ல தண்ணீர் வைக்க வேண்டும்.

ஆகவே, இருக்கும் ஆட்டிலேயே தெரிவு செய்யுங்கள் என்பேன். ஆவணியிலும் உடம்பு விடாத, புழுவுக்கு அசையாத மறியின் குட்டிதான் அடுத்த கிடாய். பட்டியில் பிறக்கும் குட்டிகளின் பாதி இரத்தம் அந்த ஒரு கிடாயுடையது. அதன் மகள்கள் பருவத்துக்கு வருமுன் வேறூர்க்காரர் ஒருவரோடு கிடாய் மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நெருங்கிய இரத்தம் கலந்து குட்டிகள் நோஞ்சானாகும்.

சினைக்காலம் ஐந்து மாதம். ஆவணிக் கடைசியில் கிடாயை விட்டால் தையில் குட்டி: கடும் மழை ஓய்ந்து புல் நிற்கும் நேரம். கிடாய் விடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே மறிகளுக்குத் தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் கொஞ்சம் கொடுக்க வேண்டும்.

முசலியில் ஆட்டுக்கு நல்ல விலை ஹஜ்ஜுப் பெருநாளில்தான். அது பிறைக்கணக்கு, வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். 2026 தையில் பிறந்த கிடாய்க்குட்டி, 2027 மே நடுவில் வரும் பெருநாளுக்கு, குர்பான் கொடுக்க ஏற்றபடி ஒரு வயது தாண்டித் திரண்டு நிற்கும். 2036இல் பெருநாளே தைக் கடைசிக்கு வந்துவிடும். முந்தின தைக் குட்டிக்கு அப்போதுதான் ஒரு வயது நிறையும், சிலதற்கு நிறைந்தும் இராது. அந்தக் காலத்தில் கிடாய் விடும் மாதத்தை முன்னே தள்ளுவதா, ஆட்டை இன்னொரு வருடம் வைத்துத் தீனி போடுவதா என்று அவரவர் வைக்கோல் போரைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.