கிப்லாவைக் காட்டும் கோடுகள்

தொழுகைக்கு நிற்கும் ஒவ்வொரு முஸ்லிமும் இரண்டு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே தக்பீர் கட்டுகிறார். எப்பொழுது தொழுவது என்பது ஒன்று. எத்திசை நோக்கித் தொழுவது என்பது மற்றொன்று. தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதை அந்நிஸா அத்தியாயமும், எங்கிருந்தாலும் மஸ்ஜிதுல் ஹராமின் பக்கமே முகம் திருப்ப வேண்டும் என்பதை அல்பகரா அத்தியாயமும் நமக்கு அறிவிக்கின்றன. பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நேர அட்டவணை முதல் வினாவிற்கு விடை தருகிறது. மிஹ்ராப் இரண்டாவதற்கு விடை தருகிறது. அந்த அட்டவணையும் மிஹ்ராபும் எவ்வாறு கணிக்கப்படுகின்றன என்று வீட்டுப் பிள்ளை கேட்டால், நம்மில் எத்தனை பேர் விளக்குவோம்?

அதற்கான விடை அப்பிள்ளையின் புத்தகப் பையிலேயே இருக்கிறது. நடுநிலைப் பள்ளி வகுப்புகளில் அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் பாடம் வருகிறது. பிள்ளைகள் அதனை மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள், பிறகு மறந்து விடுகிறார்கள். பூமியின் மீது எவரும் கண்டிராத கற்பனைக் கோடுகள் தமக்கு எதற்கு என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. அக்கோடுகள் நாள்தோறும் ஐந்து வேளை நம் வாழ்வில் குறுக்கிடுகின்றன என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோரும், ஆசிரியர்களும், மக்தபில் ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுகளுமே ஆவர்.

நம் முன்னோர்களுக்கு இக்கல்வி புதியதன்று. அட்சரேகையை 'அர்ளுல் பலத்' என்றும், தீர்க்கரேகையை 'தூலுல் பலத்' என்றும் அவர்கள் அழைத்தனர். 'இல்முல் ஹைஆ' எனப்படும் வான நூல், நிஜாமிய்யாப் பாடத்திட்டத்தின் ஓர் அங்கமாகவே இருந்து வந்தது. கி.பி. 973-இல் குவாரஸ்மில் பிறந்த அறிஞர் அல்பீரூனி (ரஹ்), ஊர்களின் இருப்பிடத்தைக் கணக்கிடுவதற்கென்றே ஒரு பெருநூல் எழுதி, 1025-இல் கஜ்னி நகரில் அதனை நிறைவு செய்தார். அந்நூலின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று, கஜ்னியின் கிப்லா எது என்று காண்பதாகும்.

தீர்க்கரேகை வேறுபாட்டை அன்று எப்படி அறிந்தார்கள்? 997-ஆம் ஆண்டில் ஒரு சந்திர கிரகணம் நேர்ந்தது. அல்பீரூனி குவாரஸ்மின் காத் நகரில் இருந்தும், அபுல் வஃபா என்னும் அறிஞர் பக்தாதில் இருந்தும் முன்னரே பேசி வைத்துக்கொண்டு அதனை நோக்கினர். கிரகணம் இருவருக்கும் ஒரே கணத்தில்தான் தெரியும். ஆனால் அவரவர் ஊர் நேரம் வேறாக இருக்கும். அந்த வேறுபாடு ஏறக்குறைய ஒரு மணி என்று கண்டனர். பூமி 24 மணியில் 360 பாகை சுழல்கிறது. எனவே ஒரு மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். தொலைபேசியும் தந்தியும் இல்லாத காலத்தில், நிலவையே தூதாகக் கொண்டு இரு நகரங்களின் இடைவெளியை அளந்த அறிவு அது.

இனி நம் ஊருக்கு வருவோம். விழுப்புரம் வடக்கு அட்சரேகை 11 பாகை 56 கலையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 79 பாகை 29 கலையிலும் அமைந்துள்ளது. திண்டிவனம் வடக்கே 12 பாகை 14 கலை. கிழக்கே 79 பாகை 39 கலை. ஒரு பாகை அட்சரேகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆகவே திண்டிவனம் விழுப்புரத்தைவிட ஏறக்குறைய 33 கிலோமீட்டர் வடக்கே உள்ளது என்பதையும், 18 கிலோமீட்டர் கிழக்கே உள்ளது என்பதையும் ஏழாம் வகுப்புப் பிள்ளை தானே கணக்கிட்டு விடலாம். நாள்தோறும் பேருந்தில் போய்வரும் பாதையை இவ்வாறு எண்களில் காணும் பொழுது, கற்பனைக் கோடு கண்முன் வந்து நிற்கும்.

அட்சரேகையை அளக்க ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சியே போதும். அதனைப் பள்ளி முற்றத்தில் செங்குத்தாக நாட்டி, சுற்றிலும் ஒரு வட்டம் வரைய வேண்டும். காலையில் நிழலின் நுனி வட்டத்திற்குள் நுழையும் இடத்தையும், மாலையில் வெளியேறும் இடத்தையும் குறித்து, அவ்விரு புள்ளிகளுக்கும் நடுப்புள்ளியைக் கண்டு, அங்கிருந்து குச்சி வரை கோடு இழுத்தால் அதுவே வடக்கு தெற்குக் கோடு. நிழல் அக்கோட்டைத் தொடும் நேரமே நண்பகல். அது சாய்ந்ததும் லுஹருடைய வக்து தொடங்குகிறது. இந்த வட்டத்திற்கு நம் நூல்களில் 'தாயிரா ஹிந்திய்யா', அதாவது இந்திய வட்டம் என்றே பெயர். நம் நாட்டின் பெயரைத் தாங்கிய கருவியை நம் பிள்ளைகள் அறியாதிருப்பது தகுமா?

இரவும் பகலும் சமமாகும் மார்ச் 20, 21 தேதிகளிலும், செப்டம்பர் 23-ஐ ஒட்டியும் நண்பகல் நிழலை அளந்தால், விழுப்புரத்தில் அது ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் இருக்கும். அந்த நிழலையும் குச்சியையும் கொண்டு ஒரு முக்கோணம் வரைந்து, குச்சியின் உச்சியிலுள்ள கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் 12 பாகை கிடைக்கும். அதுவே ஊரின் அட்சரேகை. திண்டிவனத்தில் அதே நாளில் நிழல் அரை சென்டிமீட்டர் மட்டுமே கூடுதலாக இருக்கும். சூரியன் ஒரு புள்ளியன்று. அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் நிழலின் விளிம்பு மங்கலாக விழுகிறது. அந்த அரை சென்டிமீட்டர் அம்மங்கலிலேயே மறைந்து விடும். எதை அளக்க முடியும், எதை அளக்க முடியாது என்று அறிவதும் கல்வியேயாகும். ஏப்ரல் 21, 22 வாக்கிலும், ஆகஸ்டு 21 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அன்று குச்சிக்கு நிழலே விழாது. அஸருடைய நேரத்தைக் கணக்கிடும் பொழுது நண்பகல் நிழலைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுவதன் பொருள் அன்று எளிதில் விளங்கும்.

தீர்க்கரேகைக்குக் கடிகாரமே சான்று. 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய நேரம், மிர்ஸாப்பூர் அருகே செல்லும் 82 பாகை 30 கலைத் தீர்க்கரேகையை ஒட்டியது. விழுப்புரம் அதற்கு 3 பாகை மேற்கே உள்ளது. ஆகவே நம் நண்பகல் சராசரியாக 12 மணி 12 நிமிடத்திற்கே வருகிறது. பூமியின் பாதை நீள்வட்டமாகவும், அதன் அச்சு சாய்ந்தும் இருப்பதால் இந்நேரம் ஆண்டு முழுவதும் சற்றே அசைகிறது. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் 12-26 வரை பிந்தும். நவம்பர் தொடக்கத்தில் 11-56-க்கே முந்தும்.

இதில் அலட்சியம் காட்டினால் இபாதத்திற்கே ஊறு நேரும். சென்னை மாநகருக்கென அறிவிக்கப்படும் இஃப்தார் நேரத்தைக் கேட்டு விழுப்புரத்தில் நோன்பு திறப்போர் உண்டு. தீர்க்கரேகைக் கணக்கின்படி இங்கே சூரியன் 3 நிமிடம் பிந்தி மறைகிறது. அட்சரேகையும் இதில் சேர்கிறது. நாம் சென்னைக்குத் தெற்கே இருப்பதால், டிசம்பரில் அந்த வேறுபாடு 5 நிமிடமாகக் கூடுகிறது. ஜூனில் ஒரு நிமிடமாகக் குறைகிறது. 2030-ஆம் ஆண்டில் ரமலான் ஜனவரியில் ஒருமுறையும், டிசம்பர் இறுதியில் மறுமுறையும் வர இருக்கிறது. அப்பொழுது சென்னை நேரத்தை நம்பி இங்கே நோன்பு திறப்பவர், சூரியன் மறையுமுன்பே திறந்தவர் ஆவார். பகலெல்லாம் பசித்திருந்த நோன்பு, சில நிமிட அறியாமையால் வீணாகலாமா?

அடுத்து கிப்லா. மக்கா நகரம் வடக்கே 21 பாகை 25 கலையிலும், கிழக்கே 39 பாகை 49 கலையிலும் உள்ளது. இங்கிருந்து ஏறத்தாழ 4,340 கிலோமீட்டர். சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைத்து நோக்கினால், கிப்லா நேர் மேற்கிலிருந்து 14 பாகை அளவிற்கு வடக்கே சாய்ந்ததாகத் தோன்றும். பூகோள உருண்டையின் மீது நம் ஊருக்கும் மக்காவுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அச்சாய்வு ஏறத்தாழ 19 பாகை என்று தெரியவரும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்ததால் வந்த வேறுபாடு இது. மிகக் குறுகிய வழியைக் காட்டும் நூலே சரியான திசையைக் காட்டுகிறது.

இதனைக் கருவி ஏதுமின்றிச் சோதிக்கவும் வழி உண்டு. ஆண்டுதோறும் ஜூலை 15, 16 தேதிகளில் மக்காவின் நண்பகலில் சூரியன் கஅபாவிற்கு நேர் மேலே நிற்கிறது. அப்பொழுது நமக்குப் பிற்பகல் 2 மணி 57 நிமிடம். பள்ளிகள் நடைபெறும் நேரம். நாட்டிய குச்சியின் நிழல் நுனியிலிருந்து அடியை நோக்கும் திசையே கிப்லா. ஒரு மீட்டர்க் குச்சிக்கு நிழல் 81 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். மே 27, 28 தேதிகளிலும் 2 மணி 48 நிமிடத்திற்கு இவ்வாறே நிகழும். ஆனால் அது கோடை விடுமுறைக் காலம்.

இக்கல்வி பிள்ளைகளுக்கு மட்டுமன்று, பெரியவர்களுக்கும் தேவைப்படுகிறது. நேர் மேற்கு நோக்கிக் கட்டப்பட்ட பழைய பள்ளிவாசலில், கைபேசியின் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு ஓர் இளைஞர் நிற்பதும், நூறாண்டுத் தொழுகையெல்லாம் வீணோ என்று பேச்சு எழுவதும், ஜமாஅத் இரண்டுபடுவதும் ஆங்காங்கே நிகழ்கின்றன. கான்கிரீட் தூணில் உள்ள இரும்புக் கம்பியே அத்திசைகாட்டியைத் திருப்பி விடக்கூடும் என்பதை முதலில் அறிய வேண்டும். தொலைவில் இருப்போருக்குக் கஅபாவின் திசை போதும் என்பது ஹனஃபி மத்ஹப்; இருபுறமும் 45 பாகை வரை விலகல் தொழுகையைக் கெடுப்பதில்லை என்று அம்மத்ஹபின் அறிஞர்கள் விளக்கியுள்ளனர். 19 பாகை அவ்வெல்லைக்குள் அடங்குகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் கஅபாவையே குறியாகக் கொள்வது வலியுறுத்தப்படுகிறது. எனவே பழைய சுவரை இடிக்க வேண்டுவதில்லை. இமாமும் நிர்வாகிகளும் கலந்து பேசி, ஸஃப்புகளின் கோட்டைத் திருத்திக்கொண்டால் போதும். புதிதாகக் கால்கோள் இடும் பள்ளிவாசல்களிலோ, முதல் கல்லிலேயே கணக்கைச் சரியாக அமைப்பது நம் கடமை. மனைப்பத்திரத்தைப் பலமுறை சரிபார்க்கும் நாம், மிஹ்ராபுக்கு ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டாமா?

அருமைப் பெற்றோர்களே! உங்கள் மகனுக்கும் மகளுக்கும் ஒரு சிறு பூகோள உருண்டையை வாங்கிக் கொடுங்கள். கொல்லையில் ஒரு குச்சியை நாட்டச் சொல்லுங்கள். தந்தை துபாயில் பணிபுரியும் வீடுகளில், இங்கே லுஹர் நேரம் தொடங்கி ஏறத்தாழ 97 நிமிடம் கழித்தே அங்கே தொடங்குவது ஏன் என்று பிள்ளையையே கணக்கிடச் சொல்லுங்கள். 24 பாகைக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியை 4 நிமிடத்தால் பெருக்கினால் விடை வந்துவிடும். தந்தை இருக்கும் தொலைவையும் அப்பிள்ளை புரிந்துகொள்ளும்.

பள்ளிப் பாடம் வேறு, மார்க்கப் பாடம் வேறு என்று பிரித்து வைப்பதால் இரண்டுமே வறண்டு போகின்றன. திண்டிவனத்துப் பிள்ளையும் விழுப்புரத்துப் பிள்ளையும் தத்தம் முற்றத்தில் நிழலை அளந்து, கிப்லாவின் கோட்டைத் தம் கையாலேயே வரைந்து நிற்கும் நாளில் அவ்விரண்டும் ஒன்றாகிவிடும். பயன் தரும் கல்வியை நம் மக்கள் யாவருக்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.