ரெண்டு மலை, நடுவுல சூரியன்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் யானைமலை தெரியும். மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒத்தக்கடைப் பக்கம், யானை ஒன்று தும்பிக்கையை நீட்டிப் படுத்துக் கிடப்பதுபோல நீளமாக ஒரே பாறை. அந்த மலையைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, ‘மலை வரைங்கப்பா’ என்றேன். பதினெட்டுப் பேர். பதினேழு தாளில் கூராக இரண்டு முக்கோணம், நடுவில் அரைச் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, சாய்ந்த தென்னை, வானத்தில் டிக் அடித்ததுபோல நாலு பறவை. பதினெட்டாவது பையன் தாளைத் தொடவே இல்லை. ஸ்கேல் கொண்டுவர மறந்துவிட்டானாம்.

இதற்கு ‘சீனரி’ என்று பெயர். நானும் இதைத்தான் படித்தேன். ஓவிய சார் கரும்பலகையில் போடுவார், நாங்கள் பார்த்துப் போடுவோம். ஆற்றுக்கு நீலம், மலைக்குப் பழுப்பு, குடிசைக்கு மஞ்சள். ஒருமுறை மலைக்கு ஊதா அடித்தேன். ‘எந்த ஊர்ல பார்த்த?’ என்று காதைத் திருகினார். சாயங்காலத்தில் தூரத்து மலை ஊதாவாகத்தான் இருக்கும் என்று சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை.

இந்த வியாதி நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்கக் கலைக் கல்வியாளர் ஆர்தர் எஃப்லண்ட் 1976இல் ஒரு கட்டுரை எழுதினார். பள்ளிக்கூடத்துப் படம் என்பது தனி ஒரு பாணி. அது பள்ளிக்கூடச் சுவரைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்பது அதன் சாரம். குழந்தைகள் தாமாக வரைவதும் அப்படி இருக்காது, ஓவியர்கள் வரைவதும் அப்படி இருக்காது. அங்கே நன்றி நவிலல் நாள் வந்தால் உள்ளங்கையைத் தாளில் வைத்து, சுற்றிப் பென்சில் ஓட்டி, கட்டைவிரலைத் தலையாகவும் மற்ற நாலு விரலைச் சிறகாகவும் ஆக்கினால் வான்கோழி தயார். இருபத்தைந்து பிள்ளைகள், இருபத்தைந்து வான்கோழி. நம்மிடம் ஆகஸ்ட் 15க்குக் கொடி, ஜனவரியில் பொங்கிவழியும் பானை. பெயர் எழுதாவிட்டால் எது யாருடையது என்று அம்மாவுக்கே தெரியாது.

வான்கோழி வேண்டாம் என்று முடிவெடுத்த ஓவிய ஆசிரியர்கள் சிலர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்தார்கள். அவர்களில் கேத்தரின் டக்ளஸ், டயேன் ஜாக்குவித் இருவரும் 2009இல் எழுதிய புத்தகம் மூலமாக அவர்களுடைய முறை வெளியே பரவலாகத் தெரிந்தது. 2018இல் அதற்கு இரண்டாம் பதிப்பும் வந்தது. சுருக்கமாக ‘டேப்’ என்கிறார்கள். விரித்தால், கலைஞரைப்போல நடந்துகொள்ளக் கற்பித்தல். அவர்கள் கொள்கை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அடங்கிவிடும். வகுப்பில் கலைஞர் என்பது குழந்தை. அந்த அறை குழந்தையின் பட்டறை. கலைஞர்கள் என்னவெல்லாம் செய்வார்களோ, அதையெல்லாம் செய்துபார்ப்பதுதான் பாடம்.

இதைக் கேட்டதும், ‘பிள்ளைகளை இஷ்டத்துக்கு விட்டுவிடுவது’ என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த வகுப்பு நடக்கிற விதத்தைப் படித்தால், நம் சீனரி வகுப்பைவிடக் கறாரான வகுப்பு அது என்று புரியும். என்ன, கறார் இருக்கும் இடம் வேறு.

அறை மூலை மூலையாகப் பிரிந்திருக்கும். வரைவதற்கு ஒரு மூலை, வண்ணத்துக்கு ஒன்று, வெட்டி ஒட்ட ஒன்று, களிமண்ணுக்கு, அச்சுக்கு, நெசவுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம். எல்லாவற்றையும் முதல் நாளே திறந்துவிட மாட்டார்கள். பெரும்பாலும் வரையும் மூலைதான் முதலில் திறக்கும். எந்தப் பென்சில் எந்த டப்பாவில், மிச்சத் தாள் எங்கே, முடியாத வேலையை எந்த அடுக்கில் வைப்பது என்று பிள்ளைகளுக்குப் பழகிய பிறகு அடுத்தது. வண்ணம் கொஞ்சம் தாமதமாக வரும், ஏனென்றால் கொட்டும். ஒவ்வொரு மூலையிலும் குழந்தையின் கண் மட்டத்தில் ஒரு அட்டை தொங்கும்: என்னென்ன எடுக்க வேண்டும், எப்படித் தொடங்க வேண்டும், தூரிகையை எப்படிக் கழுவ வேண்டும், எங்கே வைக்க வேண்டும். படமும் இருக்கும், எழுத்தும் இருக்கும். கல்யாண வீட்டுச் சமையல்காரர் பண்டக அறையை எடுத்துவைக்கிற மாதிரி. அங்கே பாத்திரம் இடம் மாறினால் பந்தி நிற்கும். இங்கே கோந்து இடம் மாறினால் வகுப்பு நிற்கும்.

அமெரிக்கத் தொடக்கப் பள்ளியில் ஓவிய வகுப்பு பொதுவாக வாரத்துக்கு ஒருமுறை, முக்கால் மணி நேரம் போல. முதல் ஐந்து நிமிடம் மட்டும் ஆசிரியருடையது. எல்லாரும் தரையில் சுற்றி உட்கார, ஏதாவது ஒன்றைச் செய்து காட்டுவார். ஈரத்தாளில் வண்ணம் எப்படிப் படரும், இரண்டு களிமண் துண்டுகள் காய்ந்த பிறகும் பிரியாமல் இருக்க ஒட்டும் முகத்தை ஏன் கீறி ஈரமண் பூச வேண்டும், அந்த மாதிரி. பிறகு, எங்கே போகிறாய், என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டு அனுப்பிவிடுவார். காட்டியதைச் செய்துபார்க்கிறவர்கள் பார்க்கலாம். போன வாரத்து வேலை பாதியில் நிற்கிறவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் பத்து நிமிடம் ஒழுங்குபடுத்த, ஒன்றிரண்டு பேர் தாங்கள் செய்ததைப் பற்றிப் பேச. நடுவில் இருக்கிற அரைமணிதான் வகுப்பு. அதில் ஆசிரியர் உட்காரவே முடியாது.

காசுக் கணக்கு ஒன்றும் இதில் உண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் வண்ணம் தீட்டினால் இருபத்தைந்து தூரிகை வேண்டும். ஆறு பேர் மட்டும் வண்ண மூலையில் இருந்தால் ஆறு போதும், அதையும் கொஞ்சம் நல்லதாக வாங்கலாம். மீதிக்கு அட்டைப்பெட்டி, மூடி, வெட்டுத்துணி. பள்ளி நிர்வாகிகளிடம் இந்த முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் தத்துவத்தை விட்டுவிட்டு இந்தக் கணக்கிலிருந்து தொடங்கலாம்.

இந்த முறைக்கு முன்னோர்களும் இருக்கிறார்கள். வியன்னாவில் ஃப்ரான்ஸ் சிசெக் 1897இலேயே குழந்தைகளுக்கென்று ஓவிய வகுப்பு தொடங்கினார். குழந்தை படம் என்பது பெரியவர் படத்தின் அரைகுறை நகல் என்று எல்லாரும் நினைத்த காலத்தில், அது தன்னளவில் முழுமையான கலை என்று சொன்னவர். வேடிக்கை என்னவென்றால், அவர் மாணவர்களின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு வயிற்றில் பிறந்தவைபோல இருக்கின்றன என்று பின்னாளில் விமர்சனம் வந்தது. வாத்தியார் வாய் திறக்காவிட்டாலும் அவருக்கு எது பிடிக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். ‘சுதந்திரமாகச் செய்’ என்று சொல்லிவிட்டு ஒரு படத்தைப் பார்த்து மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால் போதும், அடுத்த வாரம் அதே மாதிரி எட்டு வரும்.

சிரிப்புக்கே இப்படியென்றால் பரிசுக்கு? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் செய்த ஆய்வு 1973இல் வெளிவந்தது. தாமாகவே ஸ்கெட்ச் பேனாவை எடுத்து ஆசையாக வரைகிற குழந்தைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு, சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்து மறுபடி அதே பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசு உண்டென்று தெரிந்து வரைந்த பிள்ளைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. காரணம் சான்றிதழ் இல்லை. சான்றிதழுக்காக என்று ஆகிவிட்டதுதான். நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மண்டபம் பிடித்து நடக்கும் ஓவியப் போட்டிகளையும், கலந்துகொண்ட அத்தனை பேருக்கும் கோப்பை என்ற ஃப்ளெக்ஸ் பேனரையும் பார்க்கும்போது அந்த ஸ்கெட்ச் பேனாக்கள் நினைவுக்கு வரும்.

அறையை மாற்றினால் பாடம் மாறும் என்பது நமக்குப் புதிதும் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலை இப்போது முப்பதை நெருங்குகிறவர்களில் பலருக்கு நினைவிருக்கும். பாய், தட்டுகளில் அடுக்கிய அட்டைகள், குழந்தை உட்கார்ந்தபடியே எழுத எட்டுகிற உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை. அவரவர் வேகத்தில் அவரவர் அட்டை. அதில் குறைகள் இருந்தன. அட்டையைத் தேடுவதிலேயே பொழுது போகிறது என்று ஆசிரியர்கள் அலுத்துக்கொண்டதும் உண்மை. ஆனால் அந்தத் தாழ்வான கரும்பலகை எனக்குப் பிடித்தமானது. அதில் ஆசிரியர் எழுத வேண்டுமென்றால் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும்.

போன வருடம் நானும் ஒரு சோதனையில் இறங்கினேன். சனிக்கிழமை காலைகளில் ஒரு நூலகத்தின் பின்னறையில், முதலில் சொன்ன அந்தப் பதினெட்டுப் பிள்ளைகளோடு. ஜவுளிக்கடையில் சேலைக்குள் வைக்கும் அட்டை, தையல்கடை வெட்டுத்துணி, ஐஸ் குச்சி, தண்ணீர் பாட்டில் மூடி, மண்பானை செய்பவரிடம் வாங்கிய ஒரு மூட்டைக் களிமண். நாலு மூலை. அட்டையில் பெயர் எழுதித் தொங்கவிட்டேன்.

முதல் மூன்று வாரமும் கண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பாதிப் பேர் ‘சார், என்ன வரையட்டும்?’ என்று வரிசையில் நின்றார்கள். ஒருத்தி வாராவாரம் ஃபெவிகாலை உள்ளங்கையில் தடவிக் காயவைத்து உரித்துக்கொண்டே இருந்தாள், வேறொன்றும் செய்யவில்லை. களிமண்ணில் எல்லாருமே பாம்பு உருட்டினார்கள். கோடு போட்டுச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று கை பரபரத்தது. கேட்டு வந்த அம்மாக்களுக்குக் காட்டவும் ஒன்றுமில்லை. ‘சீனரி எப்ப சார் சொல்லித் தருவீங்க? எங்க வீட்டுக்காரர் கேட்கிறாரு’ என்றார் ஒருவர். இந்த முறையைப் பாராட்டி எழுதுகிறவர்கள் இந்த மூன்று வாரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கலாம்.

விடுபடுகிற விஷயங்களும் உண்டு. வரையும் மூலையை விட்டு நகராத பிள்ளை களிமண்ணைத் தொடாமலே வருடத்தை முடித்துவிடும். மாசசூசெட்ஸ் முறையைப் பின்பற்றும் ஆசிரியர்களிலும் சிலர் வருடத்தில் சில வாரம் மற்ற மூலைகளை மூடிவிட்டு எல்லாரையும் ஒரே வேலையில் இறக்கிக் கையைப் பழக்குகிறார்கள். எனக்கு அதில் தப்பே தெரியவில்லை. கத்தரிக்கோல் பிடிக்க வராத பிள்ளைக்கு வெட்டி ஒட்டும் மூலையில் என்ன சுதந்திரம் இருக்கிறது?

ஸ்கேல் மறந்த பையன், நாலாவது வாரம் ஒரு பஸ் வரைந்தான். அடுத்த வாரமும் பஸ். அதற்கடுத்த வாரமும். அவன் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர் என்று பிறகுதான் தெரிந்தது. ‘வேற ஏதாச்சும் வரையேன்டா’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு பழைய தாள்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் பஸ் ஒரு பெட்டி, இரண்டு சக்கரம். இரண்டாவதில் படிக்கட்டு வந்திருந்தது. மூன்றாவதில் ஏணி, பின்பக்கக் கண்ணாடியில் ‘படியில் பயணம் நொடியில் மரணம்’. நாலாவதில் வெளிப்பக்கத்துத் தகரத்தையே எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் சீட்டுகளைக் காட்டியிருந்தான், வெண்டைக்காயை நீளவாக்கில் பிளந்த மாதிரி. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒன்பதாவது வாரம் தாளோடு என்னிடம் வந்தான். முகம் வாடியிருந்தது.

‘சார், ஆளுங்க உட்கார மாட்டேங்கிறாங்க.’

பார்த்தேன். சீட்டுக்கு மேலே எல்லாரும் விறைத்து நின்றுகொண்டிருந்தார்கள், சிலர் கூரையை முட்டிக்கொண்டு. முழங்காலை மடக்கத் தெரியவில்லை. அழித்து அழித்துத் தாள் ஓட்டை விழுந்திருந்தது. நான் பென்சிலை வாங்கப் போனேன். அவன் தரவில்லை.

‘நீங்க போயி அந்தச் சேர்ல உட்காருங்க சார். இப்படி இல்ல, சைடுல.’

உட்கார்ந்தேன். பக்கத்து மேசையிலிருந்து இன்னும் இரண்டு பேர் தாளோடு வந்து தரையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

‘கம்பியப் பிடிச்ச மாதிரி கையத் தூக்குங்க. ஆடாதீங்க சார், முட்டி இன்னும் வரையல.’