துபாய் நேரத்தில் ஒரு திருநெல்வேலி வீடு

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தாமிரபரணிக் கரையில் பல வேலைகள் ஒன்றாகத் தொடங்கும். பொதிகை மலையில் தென்மேற்குப் பருவமழை இறங்கும். குற்றாலத்தில் சாரல் விழும். பாபநாசம் அணையின் நீரை நம்பிக் கார் சாகுபடிக்கு வயல்கள் தயாராகும். பள்ளிகளும் திறக்கும். அதே நாட்களில் மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பல வீடுகள் கலகலப்பாகிவிடும். வளைகுடா நாட்டிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் தந்தையிடம் கோடை விடுமுறைக்குச் சென்றிருந்த பிள்ளைகளும் தாயும் ஊர் திரும்புவார்கள். பெட்டிகளைப் பிரிக்க வேண்டும். சீருடையைத் தேட வேண்டும். புத்தகங்களுக்கு அட்டை போட வேண்டும்.

இவையெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் ஒன்று மட்டும் முடிவதில்லை. காலை ஆறு மணிக்கு அம்மா எழுப்பினால் கண் திறக்க மறுக்கிறது. இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்தால் தூக்கம் வர மறுக்கிறது. "வெளிநாடு போய் வந்ததும் சோம்பல் பிடித்துவிட்டது" என்று வீட்டில் சொல்வார்கள். இது சோம்பல்தானா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

சூரியனோடு ஒரு கணக்கு

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. அதாவது 360 பாகைக்கு 1,440 நிமிடம். ஒரு பாகைக்கு 4 நிமிடம். திருநெல்வேலி ஏறக்குறைய 77.7 பாகை கிழக்குத் தீர்க்க ரேகையில் இருக்கிறது. துபாய் 55.3 பாகையில் இருக்கிறது. வித்தியாசம் 22.4 பாகை. இதை நான்கால் பெருக்குங்கள். ஏறக்குறைய 90 நிமிடம் வரும். நெல்லையில் உச்சிக்கு வந்த சூரியன் துபாயில் உச்சிக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசமும் ஒன்றரை மணிதான்!

ஒன்றரை மணி என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கணக்கில் இன்னும் ஒரு பகுதி பாக்கி இருக்கிறது. பள்ளி நாட்களில் நீங்கள் இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழுந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். துபாயில் விடுமுறை. கோடை வெயில் தணிந்து, தந்தை வேலை முடிந்து வந்த பிறகுதான் வெளியே கிளம்ப முடியும். ஆகவே இரவு 12 மணிக்குப் படுத்துக் காலை 8 மணிக்கு எழுகிறீர்கள். அந்த 8 மணி, இந்தியாவில் காலை 9.30. ஆக, ஊர் திரும்பிய அன்று உங்கள் உடல் பள்ளி நேரத்திலிருந்து மூன்றரை மணி நேரம் பின்தங்கி நிற்கிறது. இதில் விமானம் தந்தது ஒன்றரை மணி. விடுமுறை தந்தது இரண்டு மணி.

சிங்கப்பூர் சென்றவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. அங்கு நள்ளிரவு 12 என்றால் இங்கு 9.30தான். அங்கே தாமதமாகத் தூங்கிய பிள்ளை கூட, ஊர் வந்ததும் முதல் சில நாட்கள் காலை ஐந்தரைக்கே விழித்துவிடும். இந்த நல்ல வழக்கத்தை நழுவ விடாமல் பிடித்துக்கொண்டாலே போதும்.

இருட்டில் இலை விரித்த செடி

உடலுக்குள் கடிகாரம் இருக்கிறதா? இருக்கிறது. நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரமும் புளிய மரமும் மாலையில் இலைகளைக் கூப்பி, காலையில் விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1729-இல் பிரெஞ்சு விஞ்ஞானி தெ மெய்ரான், இப்படி இலை மூடும் செடி ஒன்றை முழு இருட்டில் வைத்தார். வெளிச்சமே இல்லாதபோதும் அது பகலில் இலை விரித்தது, இரவில் மூடியது.

மனிதரின் தலைமைக் கடிகாரம் மூளையில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. அரிசி மணியைவிடச் சிறிய இந்தப் பகுதியில் ஏறக்குறைய 20,000 நரம்பு செல்கள் உள்ளன. கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு அது நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. இருட்டியதும் மெலடோனின் என்னும் ஹார்மோன் சுரக்க ஆணையிடுகிறது. கல்லீரல், குடல் முதலிய உறுப்புகளிலும் சிறு கடிகாரங்கள் உண்டு; அவை சாப்பாட்டு நேரத்தைக் கவனித்து ஓடுகின்றன. இக்கடிகாரங்கள் மரபணுக்களால் இயங்கும் விதத்தைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பெரும்பாலோரின் உடல் கடிகாரம் தன் போக்கில் விட்டால் 24 மணிக்குச் சற்றுக் கூடுதலாகவே ஓடும். அதனால்தான் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது. முன்னால் கொண்டுவருவது கடினம். வளர் இளம்பருவத்தில் கடிகாரம் இயல்பாகவே இன்னும் பின்தள்ளிப்போகிறது. உங்கள் தம்பி எட்டு மணிக்கே தூங்கிவிழ, நீங்கள் விழித்திருப்பது இதனால்தான்.

மதுரை வௌவால்கள் சொன்ன பாடம்

இத்துறையில் உலகப் புகழ் பெற்றவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன். அவரும் அவருடைய குழுவினரும் இருண்ட குகைகளில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தனர். கூட்டம் வாழும் குகையில் கூண்டில் அடைக்கப்பட்ட வௌவால், சூரியனைக் காணாதபோதும் மற்றவை போய் வரும் நேரத்தை ஒட்டித் தன் கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொண்டது. தனியே விடப்பட்ட வௌவாலின் கடிகாரமோ நாளுக்கு நாள் விலகிப்போயிற்று. இந்த ஆய்வு 1981-இல் வெளியாயிற்று.

மனிதருக்கு வெளிச்சமே முதல் சமிக்ஞை. ஆனால் விளக்கு எப்போது அணைகிறது, சாப்பாடு எப்போது வருகிறது என்பதை வீடுதான் முடிவு செய்கிறது. எனவே ஒருவர் மட்டும் திருந்தினால் போதாது. வீடே சேர்ந்து திரும்ப வேண்டும்.

என்ன செய்யலாம்?

உடல் கடிகாரம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரந்தான் நகரும். மூன்றரை மணிக்கு நான்கைந்து நாட்களாவது வேண்டும். ஆகவே பள்ளி திறப்பதற்கு முந்தின இரவு வந்து இறங்காமல், ஐந்தாறு நாள் முன்னதாகவே பயணச்சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். முதல் நாளே ஆறு மணிக்கு எழ முயல வேண்டாம். 8.45, 8.00, 7.15, 6.30, 6.00 என்று படிப்படியாக இறங்குங்கள். எழுந்தவுடன் வெயிலில் அரை மணி நில்லுங்கள் அல்லது நடங்கள். காலை உணவைத் தள்ளிப்போடாதீர்கள். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். உங்கள் வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அது குறைந்தால் வகுப்பில் கவனம் சிதறும். அரைத் தூக்கத்தில் சைக்கிளில் சாலையைக் கடப்பது பேராபத்து.

இன்னொன்று. தந்தை அங்கேயே இருக்கிறார். வேலை முடிந்து சாப்பிட்டு, இரவு 9 மணிக்கு ஆசையோடு அழைக்கிறார். இங்கே அப்போது 10.30. பிள்ளைகள் அவர் குரலுக்காக விழித்திருக்கிறார்கள். கண்ணெதிரே கைப்பேசியின் வெளிச்சம். அழைப்பை நிறுத்தச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றலாமே! அங்கு மாலை 7 என்றால் இங்கு 8.30. அது முடியாதென்றால் அவர் அதிகாலை 5.30-க்கு அழைக்கட்டும், இங்கு காலை 7. பிள்ளைகளை எழுப்பும் வேலையையும் அவரே ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகும்!

நீங்களே செய்து பாருங்கள்

தொட்டாற்சிணுங்கிச் செடியைத் தொட்டியோடு ஒரு மாலையில் இருண்ட அலமாரியில் வையுங்கள். மறுநாள் காலை 9 மணிக்கும் இரவு 9 மணிக்கும் மங்கிய வெளிச்சத்தில், செடியைத் தொடாமலும் அசைக்காமலும் பாருங்கள். இலைகளின் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே நீங்கள் படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் பத்து நாட்கள் எழுதி வாருங்கள். செடியின் கடிகாரத்தோடு உங்கள் கடிகாரமும் அந்த நோட்டில் தெரியும்.