பெயரும் நாதமும்: கிற்றார் வகைகளை ஒப்பிடுதல் பற்றிச் சில குறிப்புகள்

1

புத்தூரிலுள்ள சனசமூக நிலையமொன்றின் இளைஞர் சிலர், தமது பாடற்குழுவுக்குக் கிற்றார் ஒன்று வாங்கும் நோக்குடன் எம்மை அணுகினர். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: எந்தக் கம்பனியின் கிற்றார் நல்லது? அவர்களிடம் சேர்ந்திருந்த பணம், வெங்காய அறுவடைக்குப் பின் வீடு வீடாகத் திரட்டப்பட்டது. ஒருமுறை தவறான பொருளை வாங்கிவிட்டால் மறுமுறை வாங்குவதற்கு வழியில்லை. இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்த நாம், 'நல்லது' என்ற சொல்லினுள் வெவ்வேறான இரு கேள்விகள் மறைந்துகிடப்பதை உணர்ந்தோம். கருவி எவ்வாறு ஒலிக்கின்றது, கைக்கு எவ்வாறு இசைகின்றது என்பது ஒன்று. அக்கருவியின் பெயர் சந்தையில் என்ன விலை பெறுகின்றது என்பது மற்றொன்று. முன்னையது பயன்மதிப்புப் பற்றியது. பின்னையது பரிவர்த்தனை மதிப்புப் பற்றியது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு எமது சூழலில் ஒரு சிறப்பான முக்கியத்துவம் உண்டு. யாழ்ப்பாணச் சமூகத்தில் இசைக்கருவிகள் வெறும் கருவிகளாக மட்டும் இருந்ததில்லை. பறை, தவில், நாதஸ்வரம் ஆகியவற்றை யார் இசைக்கலாம், எங்கு நின்று இசைக்கலாம் என்பன சாதியமைப்பினால் தீர்மானிக்கப்பட்டன. வீணையும் வயலினும் வேறொரு வட்டத்தினுள் நின்றன. 1966 ஒக்டோபர் 21 எழுச்சியும், 1968இல் மாவிட்டபுரத்தில் நடைபெற்ற ஆலயப் பிரவேசப் போராட்டமும் எதிர்த்து நின்ற ஒழுங்கின் ஒரு முகமே இது. தேவாலயங்கள், ஆங்கிலக் கல்லூரிகள், பைலா ஆகியவற்றின் வழியே வந்துசேர்ந்த கிற்றாருக்கு இத்தகைய சாதி முத்திரை இருக்கவில்லை. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரால் பரவிய தமிழ்ப் பொப் இசை, அதனைப் பேச்சுத் தமிழின் துணைக்கருவியாக்கியது. எனவே, ஒடுக்கப்பட்ட கிராமத்து இளைஞன் யாரிடமும் அனுமதி கேளாது கையிலெடுக்கக்கூடிய கருவியாக அது அமைந்தது. ஆயின், சாதி மூடாத அக்கதவை விலை மூடக்கூடும். 'நல்ல கம்பனிக் கிற்றார் இல்லாமல் நல்ல இசை இல்லை' என்ற எண்ணம் அக்கதவின் பூட்டாகும்.

2

முதலில் நாதம் எங்கிருந்து பிறக்கின்றது என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். தந்தி தனியே எழுப்பும் ஒலி மிகச் சிறிது. அதன் அதிர்வு குதிரையின் வழியே முகப்பலகைக்குச் செல்கின்றது. முகப்பலகை அதிர்ந்து காற்றை அசைக்கின்றது. உருக்குத் தந்திகள் ஆறும் முறுக்கப்பட்டு நிற்கையில் அவற்றின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 70 கிலோகிராம் பாரத்துக்குச் சமமானது. மூன்று மில்லிமீற்றரளவு தடிப்புள்ள பலகை இதனைத் தாங்கவும் வேண்டும், தடையின்றி அதிரவும் வேண்டும். இம்முரண்பாட்டைத் தீர்ப்பவை பலகையின் உட்புறத்தே ஒட்டப்படும் மெல்லிய சட்டங்களே. ஆகவே, நாதத்தின் பெரும்பகுதி முகப்பலகையின் தன்மையிலும் உட்சட்டங்களின் அமைப்பிலும் தங்கியுள்ளது.

கையிசைவு என நாம் குறிப்பிடுவது, கருவி விரல்களுக்கு எவ்வளவு எளிதில் இணங்குகின்றது என்பதை. தந்திக்கும் மெட்டுக்கும் இடையிலான உயரம், கழுத்தின் அகலமும் வளைவும், தந்தியின் தடிப்பு, தந்தியின் நீளம் ஆகிய நான்கும் இதனைத் தீர்மானிக்கின்றன. 12ஆம் மெட்டின்மேல் தடித்த தந்தி இரண்டரை மில்லிமீற்றர், மெல்லிய தந்தி இரண்டு மில்லிமீற்றர் அளவில் நிற்பின் பெரும்பாலோர்க்கு வசதியாயிருக்கும். நான்கு மில்லிமீற்றரைத் தாண்டினால் தொடக்கநிலையாளன் சில வாரங்களிலேயே கருவியை மூலையில் வைத்துவிடுவான். தன் விரல்களிலேதான் குறை என்றும் அவன் எண்ணிக்கொள்வான்.

3

இந்நான்கு, ஐந்து அளவுகோல்களை மனங்கொண்டு உலகச் சந்தையிற் பெயர்பெற்ற கிற்றார்களை ஒப்பிடலாம்.

மார்ட்டின் கிற்றாரின் வரலாறே ஒரு தொழிற்பிணக்கில் தொடங்குகின்றது. ஜெர்மனியின் சக்சனிப் பகுதியில் கிற்றார் செய்யும் உரிமை தமக்கே உரியதென வயலின் வினைஞர் சங்கம் வாதாட, தளபாடத் தச்சரின் சங்கத்தைச் சேர்ந்த மார்ட்டின் 1833இல் நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்தார். உட்சட்டங்களைப் பெருக்கற்குறி வடிவிற் குறுக்காக அமைக்கும் முறை 1840களில் அங்கு வளர்ந்தது. இன்றைய உருக்குத்தந்திக் கிற்றார்களுட் பெரும்பாலானவை அதனையே பின்பற்றுகின்றன. 1916இல் பொஸ்ரன் நகர வணிக நிறுவனமொன்றுக்காக மார்ட்டின் வடிவமைத்த பேருடற் கிற்றாருக்கு 'டிரெட்நோட்' எனப் பெயரிடப்பட்டது. அது 1906இல் நீரிறக்கப்பட்ட பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயர். லெனின் ஏகாதிபத்தியம் பற்றிய தமது நூலை எழுதிய ஆண்டும் 1916 என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. தோதகத்திப் பின்பலகை கொண்ட மார்ட்டின் டி-28 ஆழ்ந்த கீழ்நாதமும் நெடுந்தூரம் செல்லும் வலிமையும் உடையது. ஏறத்தாழ 645 மில்லிமீற்றர் நீளமான தந்தி விரலிடம் சற்றுக் கூடுதலான உழைப்பைக் கேட்கும்.

கிப்சன் ஜே-45 இதற்கு மாறானது. மகோகனி உடலும் ஏறத்தாழ 629 மில்லிமீற்றர் தந்தி நீளமும் கொண்டது. தந்தி குறுகியதாதலின் இழுவிசை தளர்வாகவும் விரலுக்கு இதமாகவும் அமைகின்றது. அதன் நாதம் உலர்ந்தது, விரைவில் அடங்குவது. தனித்து இசைப்பவர்க்கு இது குறையாகத் தோன்றலாம். பாடுபவர்க்கோ இதுவே நிறைவு. குறிலும் நெடிலும் தெளிவாக ஒலிக்கவேண்டிய தமிழ்ப் பாடலில், சொல்லை மூடாது விலகிநிற்கும் நாதம் பெரிதும் பயன்தருவது.

1974இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட டெயிலர், மெல்லிய கழுத்தாலும் தாழ்ந்த தந்தியாலும் கையிசைவிற்குப் பெயர்பெற்றது. அதன் கழுத்து ஒட்டப்படாமல் ஆணிகளாற் பூட்டப்படுவதால், காலப்போக்கில் கோணம் மாறினும் எளிதில் திருத்தலாம். நாதம் தெளிவும் ஒளியும் மிக்கது. சிலர் செவிக்கு அது மிகையான ஒளியாகவும் படும்.

யமஹா 1887இல் ஆர்மோனிய வகைக் கருவி செய்வதில் தொடங்கிய யப்பானிய நிறுவனம். 1966இல் அது வெளியிட்ட எப்.ஜீ.-180, ஒட்டுப்பலகையாற் செய்யப்பட்டும் உறுதியும் சமநிலையும் வாய்ந்திருந்தது. சாதாரண மாணவர் கைக்கும் நம்பகமான கருவி கிட்டியது அதன்மூலமே. இன்றைய எப்.ஜீ.-800 முழுப்பலகை முகப்புடன் வருகின்றது. மார்ட்டினின் ஆழமோ கிப்சனின் உலர்ந்த இனிமையோ அதற்கில்லை. எந்த இடத்திலும் ஏமாற்றாத ஒரு நடுநிலை உண்டு. இவற்றைவிட, கல்கத்தாவிற் செய்யப்படும் கிவ்சன் போன்ற இந்தியக் கிற்றார்களும் எமது பிரதேசத்துக்கு அந்நியமானவையல்ல. அப்பெயர் எப்பெயரின் நிழல் என்பதை விளக்கவேண்டியதில்லை. நாதத்தைப் போலச்செய்வதிலும் பெயரைப் போலச்செய்வது எளிது.

4

ஆகவே வேறுபாடுகள் மெய்யானவை. அவற்றை மறுப்பது பொருள்முதல்வாதம் ஆகாது. ஆனால் இவ்வேறுபாடுகள் விலை வேறுபாட்டை விளக்கப் போதுமானவையா? டி-28 மூவாயிரம் அமெரிக்க டொலருக்கு மேல் விலைபெறுகின்றது, எப்.ஜீ.-800 இருநூறுக்கும் முந்நூறுக்கும் இடைப்பட்டது. பத்து மடங்கு விலை பத்து மடங்கு நாதத்தைத் தருவதில்லை.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குத் துணையாகின்றது. ஒரே வினைஞர் ஒரே வடிவிற் செய்த ஆறு கிற்றார்கள். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வெவ்வேறு மரங்கள். கிடைத்தற்கரிய பிரேசில் தோதகத்தியும் அவற்றுள் ஒன்று, மலிவான மரங்களும் உண்டு. 52 கிற்றார்க் கலைஞர்கள் மங்கிய ஒளியில், மரத்தைக் கண்டறியாதவாறு கண்ணாடி அணிந்து அவற்றை இசைத்தனர். அவர்கள் வழங்கிய மதிப்பீடுகளிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கண் மறைக்கப்பட்டபோது விலையுயர்ந்த மரத்தின் மகிமையும் பெரிதும் மறைந்தது. மனித உழைப்புக்கிடையிலான உறவு, பொருள்களின் இயற்கைக் குணம்போற் தோற்றம் கொள்வதையே மார்க்ஸ் பண்ட மாயை என்றார். காட்டின் அருமையும் சந்தையின் தட்டுப்பாடும் இங்கு 'நாதம்' என்ற வேடத்தில் தோன்றுகின்றன.

அம்மரம் எமக்குத் தொலைவானதன்று. பிரேசில் மரம் கிடைப்பது அரிதானபின், 1969 அளவில் மார்ட்டின் நிறுவனம் இந்தியத் தோதகத்திக்கு மாறியது. ஈட்டி என்றும் வழங்கப்படும் அது தென்னிந்திய மலைக்காடுகளில் வளர்வது. இலங்கையின் வறண்டவலயக் காடுகளிற் பிறந்த கருங்காலி, குடியேற்ற ஆட்சிக்காலத்தில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய பண்டம். எமது மண்ணின் மரம் மூலப்பொருளாக வெளியேறி, பெயர் பொறிக்கப்பட்ட பண்டமாக எமக்கே விற்கப்படும் இவ்வுறவு, தேயிலையிலும் இறப்பரிலும் நாம் கண்ட அதே உறவுதான்.

பெயர் மறைப்பது காட்டை மட்டுமன்று; கைகளையும் மறைக்கின்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கலமசூ நகரின் கிப்சன் தொழிற்சாலையிற் கிற்றார்களைச் செய்தவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். அக்காலத்தில் கிற்றார் உற்பத்தி நிறுத்தப்பட்டிருந்தது என்றே நீண்டகாலம் கூறப்பட்டுவந்தது. யோன் தோமஸ் என்பவர் அப்பெண்களுட் சிலரைத் தேடிக் கண்டு நூலெழுதிய பின்னரே அவர்களது உழைப்பு வெளிச்சத்துக்கு வந்தது. அக்கருவிகள் இன்று சேகரிப்பாளரால் மிகுந்த விலைக்கு வாங்கப்படுகின்றன. மார்ட்டின் தொழிலாளர் 1977இல் தொடங்கி ஏறத்தாழ எட்டு மாதம் வேலைநிறுத்தம் செய்தனர். டெயிலர் நிறுவனம் 2021இல் அதன் ஊழியர்களின் உடைமையாக்கப்பட்டது. சந்தை விதிகளுக்கு உட்பட்டதாயினும் இது கவனிக்கத்தக்க மாற்றமே.

மேலும், ஒரே பெயர் ஒரே பொருளைக் குறிப்பதுமில்லை. பென்சில்வேனியாவில் முழுமரத்தாற் செய்யப்படும் கிற்றாரும், மெக்சிக்கோவில் அழுத்தப்பட்ட செயற்கைத் தகட்டாற் செய்யப்படும் கிற்றாரும் மார்ட்டின் என்ற ஒரே பெயரைத் தாங்குகின்றன. பெயரைப் பார்த்து வாங்குபவன் இவற்றுள் எதை வாங்குகின்றான்?

5

இனி, புத்தூருக்குத் திரும்புவோம். இங்கு காற்றின் ஈரப்பதன் ஆண்டின் பெரும்பகுதியில் நூற்றுக்கு 70 வீதத்துக்கு மேல் நிற்கின்றது. கிற்றார்ச் செய்வோர் விரும்பும் அளவோ 45 முதல் 55 வரை. வடகீழ்ப்பருவ மழையின்போது முழுமரப் பலகை ஈரமுறிஞ்சி வீங்கும். தந்தி உயரும், நாதம் மந்தமாகும். ஒட்டுப்பலகை இம்மாற்றத்தை நன்கு தாங்கும். எனவே வடஅமெரிக்காவிற் குறையெனக் கருதப்படும் ஒட்டுப்பலகைப் பின்புறம் எமது சூழலிற் பயனுள்ள பண்பாகின்றது. எது உயர்ந்தது என்ற கேள்விக்கு இடமும் காலமும் கடந்த விடை இல்லை.

அவ்விளைஞர்களிடம் ஏற்கெனவே பெயரறியா மலிவுக் கிற்றார் ஒன்று கிடந்தது; 'வாசிக்கவே முடியாது' என ஒதுக்கப்பட்டது. அளந்து பார்த்தபோது 12ஆம் மெட்டில் தந்தி நான்கு மில்லிமீற்றர் உயர்ந்து நின்றது. அயலிலுள்ள தச்சர் ஒருவர் குதிரைமேலுள்ள சிறு துண்டைக் கழற்றி, அதன் அடிப்பாகத்தை இரண்டு மில்லிமீற்றர் அராவித் தந்தார். குதிரையில் இரண்டு குறைய 12ஆம் மெட்டில் ஒன்று குறையும். மெல்லிய தந்திகளும் பூட்டப்பட்டன. நாதம் பெரிதாக மாறவில்லை. ஆனால் மாலையிற் புகையிலைத் தோட்டத்திலிருந்து வந்த கைகள் அதை மீண்டும் எடுத்தன. கையிசைவு என்பது பெயருடன் வரும் வரமன்று. கருவி செய்யப்பட்ட பின்னரும் உழைப்பாற் சேர்க்கக்கூடிய பயன்மதிப்பு என்பதை இச்சிறு நிகழ்ச்சி தெளிவாக்கிற்று.

எனவே நாம் அவர்களுக்குக் கூறியவற்றைத் தொகுத்துரைக்கலாம். பணத்தை முதலில் முகப்பலகைக்குச் செலவிடுக: முழுப்பலகை முகப்பும் ஒட்டுப்பலகை உடலும் கொண்ட, யமஹா எப்.ஜீ.-800 தரத்திலான எக்கருவியும் போதும். குரலுக்குத் துணையாக மட்டும் வேண்டுமாயின் குறுகிய தந்தி நீளமும் மகோகனி வகை உடலும் உடையதைத் தேடுக. கழுத்து நேராக உள்ளதா, ஒவ்வொரு மெட்டிலும் தந்தி இரைச்சலின்றி ஒலிக்கின்றதா எனச் சோதிக்குக. வாங்கும்போது ஒருவர் முதுகு திருப்பி நிற்க, மற்றொருவர் இரண்டு மூன்று கருவிகளை மாற்றி மாற்றி இசைக்கட்டும். பெயரைக் காணாத செவி தீர்ப்புச் சொல்லட்டும். எஞ்சும் பணத்தைத் தந்திக்கும் திருத்தத்துக்கும் வைத்துக்கொள்க. 2022 மார்ச்சில் ஒரு டொலரின் விலை 200 ரூபாய் அளவிலிருந்து சில வாரங்களில் 300ஐக் கடந்ததைக் கண்ட நாட்டில், தந்தியும் இறக்குமதிப் பண்டமே என்பதை மறத்தலாகாது.

1990இல் குடாநாடு மின்சாரமிழந்து இருளில் மூழ்கிய ஆண்டுகளில், மின்சாரம் வேண்டாத கருவிகளே இரவுகளில் ஒலித்தன. 1973இல் சிலியில் இராணுவம் கொன்ற விக்ரர் ஹாராவின் கையிலிருந்ததும் அத்தகைய எளிய கருவிதான். அவரை நினைவுகூர்வோர் அவர் எவ்வகைக் கிற்றார் வைத்திருந்தார் என்று கேட்பதில்லை. அவர் யாருக்காகப் பாடினார் என்றே கேட்கின்றனர். கிற்றார்களை ஒப்பிடுவது தேவையானது. அறிவியல் நோக்குடன் செய்யப்படவேண்டியது. ஆயின் அவ்வொப்பீடு கருவியை மக்கள் கைக்கு அண்மையாக்க வேண்டுமேயன்றி, பெயரின் ஒளியில் அதனை மேலும் தொலைவாக்கலாகாது.